எலுமிச்சம்பழத்தோடு பன்னிரண்டு வாசல்

ஹைதராபாத்தில் மற்றவர்களுக்கு வெள்ளைப் பொடி என்றால் ஒன்றுதான். ஜெஸ்ஸிக்கு அது ஐந்து. கர்னூல் பக்கத்திலிருந்து வரும் சோப்புக்கல் விரலில் வழுக்கிக்கொண்டு ஓடும். கம்மத்து டாலமைட் லேசாக நறநறக்கும். மஹபூப்நகர் ஃபெல்ஸ்பார் கொஞ்சம் முரடு. கடப்பா பாரைட்டை ஒரு கை அள்ளினால் மணிக்கட்டு திடுக்கிடும், அத்தனை கனம். கால்சைட் மட்டும் எந்தத் தொந்தரவும் தராமல், நன்றாகப் படித்துவிட்டுப் பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி சும்மா இருக்கும். அந்தச் சும்மாவையும் அவள் விரல் கண்டுபிடித்துவிடும்.

சனத்நகரில் கல் அரைக்கும் மில் ஒன்றில் அவளுக்கு இருபத்திரண்டு வருஷ வேலை. நாலு மாவட்டத்து மலைகள் லாரியில் வந்து இறங்கி, மாவாகி, மூட்டை கட்டி, வேறு லாரியில் ஏறிப் போகும். பற்பசை, பெயிண்ட், பிளாஸ்டிக் குழாய், காகிதம், காய்ச்சல் மாத்திரை என்று எல்லாவற்றுக்குள்ளும் அந்த மாவு இருக்கிறது. இந்த ஊர் தன்னை சாஃப்ட்வேர் ஊர் என்று சொல்லிக்கொள்கிறது. காலையில் எழுந்ததும் மலையைத் தொட்டுத்தான் பல் தேய்க்கிறது. அது யாருக்கும் தெரியாது, தெரிந்தால் யாருக்கும் ருசிக்காது.

ஜெஸ்ஸி பிறந்தது லாலாகூடா ரயில்வே குவார்ட்டர்ஸில். தாத்தா அரக்கோணத்திலிருந்து ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்தவர். இன்டர்மீடியட்டில் அவள் மூன்று மார்க்கில் கோட்டை விட்ட பாடம் கெமிஸ்ட்ரி. ஆகவே கெமிஸ்ட்ரி லேபில் வேலை கிடைத்தது. பதவி, லேப் ஹெல்பர். மில்லில் எல்லாச் சோதனைகளையும் செய்வது அவள். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவதற்கென்றே ஒரு எம்.எஸ்ஸி. கெமிஸ்ட் வாரத்துக்கு ஒருமுறை வந்து, டீ குடித்து, பேனாவைத் திறந்து, மூடிவிட்டுப் போவார். டிசம்பரோடு அவருக்கு வயதாகிவிட்டது என்று அவரே சொல்லிவிட்டார். இனிமேல் கையெழுத்து யார் போடுவது என்பதுதான் கேள்வி.

மில் முதலாளியின் மகன் தீபக் முப்பது வயதுக்காரன், நல்லவன், முடிவெடுக்க மட்டும் பயப்படுவான். "ஜெஸ்ஸி அக்கா, உங்களையே லேப் இன்சார்ஜ் ஆக்கலாம்னுதான் பார்க்கிறேன். ஆனா கஸ்டமர் டிகிரி கேட்டா?" என்றான். அவன் பேசியது ஹிந்தி, அவள் பதில் சொன்னது தக்கினி, அதாவது ஹைதராபாத் உருது. இங்கே எல்லாம் தமிழாகவே இருக்கட்டும்.

"இருபத்திரண்டு வருஷமா கஸ்டமர் வாங்கிட்டுப் போறது டிகிரியா, பொடியா?"

"பொடிதான். சங்கராந்தி முடியட்டும், சொல்றேன்."

முடிவு சங்கராந்திக்குத் தள்ளிப் போனது. ஜெஸ்ஸிக்குச் சங்கராந்தி என்றால் வேறு ஒரு வேலையும் உண்டு.

மில்லை விட்டுப் போகும் ஒவ்வொரு சரக்கிலும் அரைக் கிலோ எடுத்து டப்பாவில் போட்டு, வாங்குகிறவர் விற்கிறவர் இரண்டு பேர் கையெழுத்தோடும் சீல் ஒட்டி, ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும். நாளைக்குச் சண்டை வந்தால் அந்த டப்பாதான் சாட்சி. வருஷம் முடிந்த டப்பாக்களைத் தூக்கி எறியலாம். ஜெஸ்ஸி எறியமாட்டாள். குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் அவள் தெருவில் பன்னிரண்டு வாசல். பன்னிரண்டு டப்பாவைச் சங்கராந்திக்கு முன்னால் கோலத்துக்குக் கொடுத்துவிடுவாள். எப்போதாவது அரைக்கிற குவார்ட்ஸ் பொடியை மட்டும் கொடுக்கமாட்டாள். அது நுரையீரலுக்கு ஆகாது. மற்றபடி அரசாங்கத் தர முத்திரை இல்லாத குறை ஒன்றுதான், அந்தத் தெருக் கோலங்களுக்கு ஆய்வுக்கூடத் தரம். தெருவுக்கோ பொடியைவிட டப்பா முக்கியம். பொடியை வேறு எதிலாவது கொட்டிவிட்டு, லேபிளை வெந்நீரில் ஊற வைத்து உரித்து, டப்பாவில் துவரம் பருப்பு போட்டுவிடுவார்கள்.

அவள் கணவன் கிரி ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். காதல் கல்யாணம். ஆகவே டிசம்பரில் வீட்டு வாசலில் காகித நட்சத்திரம், ஜனவரியில் நட்சத்திரத்துக்கு நேர் கீழே பதினைந்து புள்ளிக் கோலம். இரண்டையும் போடுகிறவள் அவள்தான். கிரி இரண்டுக்கும் ஸ்டூல் பிடிப்பான்.

இந்த வருஷமும் சனிக்கிழமை பன்னிரண்டு டப்பா கொடுத்தாயிற்று. புதன்கிழமை மத்தியானம் தீபக் போனைக் கையில் பிடித்துக்கொண்டு லேபுக்குள் வந்தான். முகம் ஃபெல்ஸ்பார் நிறத்தில் இருந்தது.

"பெயிண்ட் கம்பெனிக்காரங்க. நவம்பர்ல போன கால்சைட்ல டாலமைட் கலந்திருக்காம். மொத்தத்தையும் திருப்பி அனுப்பப் போறாங்களாம். நாளைக்குப் பதினோரு மணிக்கு அவங்க குவாலிட்டி மேடம் வர்றாங்க. நம்ம சாட்சி டப்பாவை ரெண்டு பேர் முன்னாடியும் திறந்து பார்க்கணுமாம்."

"பார்க்கட்டுமே. நான் விரல்ல தேய்ச்சுப் பார்த்து, டெஸ்டும் பண்ணி அனுப்பின சரக்கு."

"அக்கா, டப்பா சரியா இருந்தா நாளைக்கே உங்க பேருக்கு ஆர்டர் எழுதறேன். தப்பா இருந்தா எம்.எஸ்ஸி.க்கு விளம்பரம் கொடுக்கச் சொல்லி அப்பா சொல்லிட்டார்."

"எழுதத் தாளை எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டு அவள் அலமாரியைத் திறந்தாள்.

உள்ளே நவம்பர் இருந்தது. போன வருஷத்து நவம்பர் அல்ல, அதற்கு முந்தின வருஷத்து நவம்பர்.

லேபில் இரண்டு அலமாரி. கதவுக்குப் பின்னால் இருப்பது பழையது, ஜன்னலோரம் இருப்பது புதியது; இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான். டிசம்பரில் சுவருக்குப் பெயிண்ட் அடித்தவர்கள் அலமாரிகளை வெளியே இழுத்து, வேலை முடிந்ததும் இடம் மாற்றி வைத்துவிட்டார்கள். டப்பா எடுக்கும்போது லேபிளைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் லேபிள் படிப்பது பொடி தெரியாதவர்கள் வேலை என்பது ஜெஸ்ஸியின் கட்சி. டப்பாவைக் குலுக்கினாலே அவளுக்கு உள்ளே என்ன கல் என்று தெரியும். எந்த வருஷத்துக் கல் என்று குலுக்கலுக்குத் தெரியாது.

ஆக, மில்லின் ஒரே சாட்சி குகட்பள்ளியில் யாரோ ஒருவர் வாசலில் தாமரைப்பூவாக மலர்ந்திருக்கிறது.

சாயங்காலம் கிரி விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரிக்கக் கூடாது என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது.

"சிரிச்சு முடிச்சுட்டுத் திரும்பு."

"இல்லடி... எந்த வீட்டுக்கு எந்த டப்பானு ஞாபகம் இல்லையா?"

"பை நிறைய எடுத்துட்டுப் போய்க் கைக்கு வந்ததைக் கொடுத்தேன். பன்னிரண்டுல ஒண்ணே ஒண்ணுதான் கால்சைட். மீதி சோப்புக்கல்லும் டாலமைட்டும்."

"வீடு வீடாப் போய்க் கேளு."

"என்ன கேட்கிறது? உங்க வீட்டுப் பொடி கால்சைட்டான்னா? துவரம் பருப்பைக் காட்டுவாங்க."

அப்புறம் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கால்சைட் மேல் அமிலம் பட்டால் உடனே பொங்கும். டாலமைட் யோசித்து யோசித்து, வேண்டா வெறுப்பாக ஒரு குமிழி விடும். சோப்புக்கல் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. மில் ஆசிட்டைத் தெருவுக்குக் கொண்டுவருவது விதிப்படி குற்றம். வீட்டில் எலுமிச்சம்பழம் இருந்தது. சீல் உடைந்த பொடி சாட்சிக்கு உதவாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அந்தப் பொடியைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். ஒருவேளை இருபத்திரண்டு வருஷத்தில் விரல் முதல் தடவையாகத் தவறியிருந்தால், அதை வரப்போகிற அந்த மேடம் சொல்லித் தெரிந்துகொள்ள அவள் தயாராக இல்லை.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு, குளிருக்கு மஃப்ளர் சுற்றிக்கொண்டு, பாதி எலுமிச்சம்பழத்தோடு ஜெஸ்ஸி தெருவில் இறங்கினாள். கோலங்கள் போட்டு முடிந்து ஈரம்கூடக் காயவில்லை. முதல் வாசலில் குனிந்து மயிலின் வாலில் ஒரு சொட்டு விட்டாள். புசுபுசுவென்று பொங்கியது.

"கிடைச்சுடுச்சு!" என்று அவள் கத்திய சத்தத்தில் பால்காரர் ஸ்கூட்டரை நிறுத்தினார்.

சந்தேகத்துக்கு இன்னொரு சொட்டை மயிலுக்கு வெளியே, வெறும் தரையில் விட்டாள். அங்கேயும் பொங்கியது. தரை தாண்டூர்க் கல். ஊரே நடந்து போகிற அந்தக் கல் சுண்ணாம்புக் கல். மயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை, பொங்கியது தரை. கல்லோடு குடும்பம் நடத்துகிறவளுக்கு இது தோன்றாமல் போனதே என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போய் ஒரு எவர்சில்வர் மூடி எடுத்து வந்தாள். ஒவ்வொரு கோலத்திலும் ஒரு சிட்டிகை, மூடியில் போட்டு, ஒரு சொட்டு.

இரண்டாம் வாசல் சோப்புக்கல். மூன்றாம் வாசல் டாலமைட். நாலாம் வாசலில் நாகம்மா நின்றுகொண்டிருந்தாள். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள்; குரலும் அந்த ஜங்ஷன் அளவுக்கு இருக்கும்.

"அரே ஜெஸ்ஸி! மார்கழி மாசம், விடியக்காலம், என் வாசல்ல கைக்குடி, எதுக்குடி எலுமிச்சம்பழம் பிழியுற?"

"திருஷ்டி இல்லக்கா. டெஸ்ட்."

"யாருக்கு டெஸ்ட்? என் மருமகளுக்கா?"

"உன் கோலத்துக்கு."

"கோலத்துக்குச் சர்க்கரை வியாதியா? நக்கோ பேட்டா, வேணாம், பிழிஞ்சதைத் துடைச்சுட்டுப் போ. நீ சர்ச்சுக்குப் போறவ, உனக்கு ஒண்ணும் ஆகாது. மிதிச்சா எங்களுக்குத்தான் ஆகும்."

அடுத்த வாசலிலிருந்து ஒரு தெலுங்கு அம்மாள் எட்டிப் பார்த்து, என்னவென்று கேட்டாள். நாகம்மா விளக்கம் சொன்னாள். விளக்கம் எப்படி இருந்ததோ, ஏழாம் வாசலுக்கு ஜெஸ்ஸி போவதற்குள் தெருப்பெண்கள் பாதிப் பேர் அவள் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள், அதை ஜெஸ்ஸி எடுத்துக்கொண்டு போகிறாள் என்று எட்டாம் வாசலில் முடிவாயிற்று. ஒன்பதாம் வாசல் வீட்டுக்காரி வலியக் கூப்பிட்டு, "எங்களுதும் கொஞ்சம் பார்த்துடுங்க ஆன்ட்டி" என்று கேட்டுக்கொண்டாள். முழு எலுமிச்சம்பழங்கள் நாலைந்து அவள் கைக்கு வந்து சேர்ந்தன.

பதினோரு வாசல் ஆயிற்று. ஒன்றும் பொங்கவில்லை.

கடைசி வாசல், மூன்று மாடிக் கட்டிடத்தின் உச்சியில் இருந்த உஷாவின் வீடு. கோபிசெட்டிபாளையத்துப் பெண். கணவன் சீனிவாசனுக்குக் கணினி வேலை. வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. கதவுக்கு முன்னால் அளவான சிக்குக் கோலம். ஜெஸ்ஸி மூடியை நீட்டிக் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கோலத்தின் ஒரு இழை நகர்ந்துகொண்டிருந்தது.

எறும்பு. வரிசையாக, பொறுப்பாக, ஆளுக்கு ஒரு துகளோடு.

உலகத்தில் எந்த எறும்பும் கல்லைத் தின்னாது. ஜெஸ்ஸி காலிங் பெல்லை அழுத்திய விரலை எடுக்கவே இல்லை.

உஷா கதவைத் திறந்தாள். எதிரில் மஃப்ளர், எவர்சில்வர் மூடி, எலுமிச்சம்பழங்கள், படிக்கட்டு முழுக்கப் பெண்கள்.

"என்னங்க்கா, என்னாச்சுங்க?"

"உஷா, நீ அரிசி மாவுலயா கோலம் போடற?"

உஷாவின் முகம் வெளுத்தது. "அய்யோ அக்கா... தப்பா எடுத்துக்காதீங்க. எங்கூர்ல அரிசி மாவுலதானுங்க போடுவோம். எறும்பு திங்கோணும்ல. நீங்க ஆசையாக் கொடுத்தீங்க, வேண்டாம்னு சொல்ல வாய் வரலீங்க. அதுக்காகத் தெருவையே கூட்டிட்டு வந்துட்டீங்களே..."

"கோவமே இல்லடி கண்ணு. டப்பா எங்க? பொடியை எதுல கொட்டின?"

"கொட்டவே இல்லைங்க."

"டப்பாவைத் திறக்கல?"

"திறக்கலீங்க."

ஜெஸ்ஸி ஏசுவையும், கிரி வீட்டுச் சாமிகளையும் ஒரே மூச்சில் கூப்பிட்டாள். உஷா சமையலறைக்குக் கூட்டிப் போனாள். மேடையில் தோசை மாவுப் பாத்திரம். அதன் மூடி மேல் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது கால்சைட்.

"மாவு பொங்கி மூடியைத் தள்ளுதுங்க. கனமா ஒண்ணு வெச்சா நிக்குமேன்னு வெச்சேன்."

டப்பாவின் ஒரு பக்கம் மாவு வழிந்து காய்ந்திருந்தது. சீல் பிரியவில்லை. இரண்டு கையெழுத்தும் அப்படியே இருந்தன. ஜெஸ்ஸி உஷாவைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். வினை எடுத்தாயிற்று என்று படிக்கட்டில் நாகம்மா அறிவித்தாள். கைதட்டல் தெருமுனை வரைக்கும் கேட்டது.

பத்தரைக்கு மில்லுக்கு வந்து டப்பாவை மேஜையில் வைத்ததும் தீபக் கைக்குட்டையை எடுத்தான். "மாவைத் துடைச்சு அலமாரியில வெச்சுடுங்க அக்கா. மேடம் முன்னாடி எடுத்துக் கொடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே. கெமிஸ்ட் வேலைக்கு ஆள் எடுக்கிறீங்களா, மேஜிக்குக்கு எடுக்கிறீங்களா?"

"ஆர்டர் போயிடும் அக்கா. உங்க வேலையும்."

"துடைச்சு வெச்ச டப்பாவால வர்ற வேலையில நான் என்னன்னு கையெழுத்துப் போடுவேன்? சீல் இருக்கு. மீதியை நான் பார்த்துக்கறேன்."

குவாலிட்டி மேடம் மைதிலி சரியாகப் பதினோரு மணிக்கு வந்தாள். நாற்பது வயது, தார்நாகாக்காரி, கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்து எதையும் நம்பாமல் பார்க்கிற பழக்கம். ஜெஸ்ஸியின் பெயரட்டையில் அப்பாவின் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் தமிழிலேயே பேசினாள். நம்பாமைக்கு அதனால் ஒன்றும் குறைவில்லை. டப்பாவை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"இது என்ன கறை?"

"தோசை மாவு மேடம்."

மைதிலி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். தீபக் ஜன்னல் வழியே எங்கேயோ பார்த்தான். ஜெஸ்ஸி சனிக்கிழமையில் ஆரம்பித்து, இடம் மாறின அலமாரி, பன்னிரண்டு வாசல், எலுமிச்சம்பழம், எறும்பு என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். தாண்டூர்க் கல் பொங்கின இடத்தை மட்டும் சற்று வேகமாகத் தாண்டினாள்.

"தாண்டூர்த் தரையிலயே எலுமிச்சம்பழம் பிழிஞ்சீங்களா?" மைதிலி அதை விடவில்லை.

"ஒரே ஒரு சொட்டு மேடம்."

"நான் காலேஜ்ல முழு பாட்டில் ஆசிட் ஊத்தினேன். எச்.ஓ.டி. ரூம் வாசல்ல." சொல்லிவிட்டு முகத்தை மறுபடி கண்டிப்பாக்கிக்கொண்டு சீலைப் பூதக்கண்ணாடியால் பார்த்தாள். அவர்கள் கம்பெனி ஆள் போட்ட கையெழுத்து, ஒட்டினபடி ஒட்டியிருந்தது. "டப்பாவை எங்கே வைக்கணும்னு ஒப்பந்தத்துல எழுதல. பிரியாம இருக்கணும்னுதான் எழுதியிருக்கு. திறங்க. டெஸ்ட் நீங்க பண்ணுங்க, நான் பார்க்கறேன்."

பொடியைக் கரைத்து, இரண்டு குடுவையில் பிரித்து, மேலிருந்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சிவப்பு நீலமாகிற சொட்டில் நிறுத்தி அளவைப் படிக்க வேண்டும். ஒரு குடுவை சுண்ணாம்பையும் மெக்னீசியத்தையும் சேர்த்துச் சொல்லும், மற்றது சுண்ணாம்பை மட்டும் சொல்லும். இரண்டு அளவுக்கும் நடுவே இடைவெளி அதிகமாக இருந்தால் டாலமைட் கலந்திருக்கிறது. ஜெஸ்ஸியின் கை குழாயைத் திருகியது. முதல் குடுவை நீலமானது: இருபத்துநாலு புள்ளி ஆறு. தீபக் நாற்காலி நுனிக்கு வந்தான். இரண்டாவது குடுவை இருபதில் மாறவில்லை. இருபத்திரண்டில் மாறவில்லை. இருபத்துமூன்று. இன்னும் சிவப்பு. இருபத்துநாலு. இன்னும் சிவப்பு. இருபத்துநாலு புள்ளி நாலில், கண் சிமிட்டுகிற நேரத்தில், நீலம்.

மைதிலி குடுவைகளைக் கழுவி, தன் கையால் திரும்பச் செய்தாள். அதே ஆறு, அதே நாலு.

"டாலமைட் இல்ல. நல்ல கால்சைட்" என்றாள். போனை எடுத்து யாரையோ கூப்பிட்டாள். "நம்ம ரெண்டாவது தொட்டியில நவம்பருக்கு முன்னாடி என்ன இருந்தது?... டாலமைட்டா? கழுவினீங்களா?... யாரைக் கேட்டுக் கழுவல?" போனை வைத்துவிட்டுத் தீபக்கிடம், "சரக்கைத் திருப்பி அனுப்பறதா இல்ல. தப்பு எங்க பக்கம். ரிப்போர்ட் எடுங்க. கையெழுத்து யார் போடுவாங்க?"

தீபக் வாழ்க்கையில் முதல் தடவையாக யோசிக்காமல் பதில் சொன்னான். "லேப் இன்சார்ஜ் போடுவாங்க" என்று ஜெஸ்ஸியைக் காட்டினான்.

"டிகிரி?" என்று ஜெஸ்ஸியே கேட்டாள்.

"மேடம் கேட்கலையே" என்றான் தீபக்.

மைதிலி கேட்கவில்லை. பேனாவைத் திறந்து நீட்டினாள்.

இருபத்திரண்டு வருஷமாக அந்தப் படிவத்தை நிரப்பியவளுக்கு அதன் கடைசிக் கட்டம் எவ்வளவு சிறியது என்று அன்றுதான் தெரிந்தது. ஜெஸ்ஸி என்று எழுதி, அப்பா பெயர் குணசேகரனையும் சேர்த்ததில், கையெழுத்து கட்டத்தை உடைத்துக்கொண்டு மார்ஜினில் ஏறியது. அதற்கு மேலே ஒரு வரி காலியாக இருந்தது: மாதிரி சேமிக்கப்பட்ட இடமும் நிலையும். எல்லா வருஷமும் அங்கே 'ஆய்வகம், உலர்வான அலமாரி' என்று எழுதுவது வழக்கம். ஜெஸ்ஸி ஒரு நிமிஷம் பேனாவைக் கடித்துவிட்டு, நிதானமாக எழுதினாள்: 'ஐந்து நாட்கள் குகட்பள்ளி, மூன்றாம் மாடி, தோசை மாவுப் பாத்திரத்தின் மேல். மூடி திறக்கப்படவில்லை.'

மைதிலி அதை இரண்டு தடவை படித்தாள். ஒரு எழுத்தையும் மாற்றாமல் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.